கார்பமசெபின்: எச்சரிக்கைகள் வந்த வழி

கார்பமசெபின் வலிப்பு நோய்க்கும், முகத்தில் மின்சாரம் பாய்வதுபோல் சுரீரென்று வெட்டும் நரம்பு வலிக்கும் தரப்படும் மருந்து. டெக்ரெட்டால் என்ற பெயரில் 1963-ல் சுவிட்சர்லாந்தில் விற்பனைக்கு வந்தது. இன்று பல கம்பெனிகள் பல பெயர்களில் தயாரிக்கின்றன. உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலும் அது இடம்பெற்றிருக்கிறது. மருத்துவரின் சீட்டு இல்லாமல் வாங்கக் கூடாத இந்த மருந்தின் பெட்டிக்குள் பொடி எழுத்தில் ஒரு தாள் மடித்து வைக்கப்பட்டிருக்கும். பெரும்பாலோர் அதைப் பிரித்துப் பார்ப்பதில்லை. அதிலுள்ள எச்சரிக்கைகளில் பல, மருந்து விற்பனைக்கு வந்தபோது யாருக்கும் தெரியாதவை. மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு நேர்ந்ததைப் பார்த்து, அறுபது ஆண்டுகளில் ஒவ்வொன்றாகச் சேர்த்தவை அவை.

வலிப்புக்கும் முக வலிக்கும் ஒரே மருந்து ஏன் என்ற கேள்விக்கு விடை இந்த மருந்தைவிடப் பழையது. முக வலியை 1756-ல் பிரெஞ்சு அறுவை மருத்துவர் நிக்கோலா ஆந்த்ரே தனி நோயாக விவரித்தார். 1773-ல் லண்டன் மருத்துவர் ஜான் ஃபாதர்கில் அதன் இயல்பை இன்னும் துல்லியமாக எழுதினார். பேசினாலும், மென்றாலும், முகம் கழுவினாலும், சில விநாடிகளே நீடிக்கும் தாங்க முடியாத வலி கன்னத்திலோ தாடையிலோ பாயும். பல்வலி என்று நினைத்து நல்ல பல்லைப் பிடுங்கிக்கொண்டவர்கள் அன்றும் உண்டு, இன்றும் உண்டு. திடீரென்று வருவது, சட்டென்று நிற்பது, மறுபடி மறுபடி வருவது ஆகிய மூன்றும் வலிப்பை ஒத்திருப்பதை 1853-ல் பாரிஸின் ஆர்மன் த்ரூசோ கவனித்து, வலிப்பு போன்ற நரம்பு வலி என்றே அதைக் குறித்தார். நரம்பு செல்கள் கட்டுமீறித் துடிப்பதுதான் இரண்டுக்கும் அடிப்படை என்பது பின்னர் தெளிவானது.

அப்போது வலிப்புக்கே சொல்லும்படியான மருந்து இல்லை. 1857-ல் லண்டனில் சார்லஸ் லோகாக், மாதவிடாயையொட்டி வலிப்பு வந்த 15 பெண்களுக்குப் பொட்டாசியம் புரோமைடு கொடுத்து 14 பேருக்குப் பலன் கிடைத்ததாகச் சொன்னார். அரை நூற்றாண்டுக்குமேல் புரோமைடே மருந்தாக இருந்தது. அது உடலில் மெல்ல மெல்லத் தேங்கி, முகத்தில் கொப்புளமும் மந்தமும் மனக்குழப்பமும் தந்தது. நீண்ட நாள் சாப்பிடும் மருந்து, இன்று கொடுத்த அளவிலேயே நாளையும் உடலில் இருக்காது என்ற முதல் பாடம் புரோமைடு தந்தது. 1912-ல் ஜெர்மனியின் ஆல்ஃபிரெட் ஹௌப்ட்மன் பீனோபார்பிடாலின் பயனைக் கண்டார்; தூக்கம்தான் அதன் விலை. 1938-ல் அமெரிக்காவின் ஹூஸ்டன் மெரிட்டும் டிரேசி பட்னமும் தூக்கத்தில் ஆழ்த்தாமலே வலிப்பை அடக்கும் பெனிட்டாயினை நடைமுறைக்குக் கொண்டுவந்தனர். நான்கே ஆண்டுகளில், 1942-ல், பிரான்சின் பெர்குயினியோன் அதே மாத்திரையை முக வலிக்குக் கொடுத்துப் பார்த்தார். வலி தணிந்தது. த்ரூசோவின் ஊகத்துக்கு ஏறத்தாழ 90 ஆண்டுகள் கழித்துக் கிடைத்த சான்று அது.

கார்பமசெபின் பிறந்த இடம் பாசெல் நகரின் கைகி நிறுவனம். அங்கே வேதியியலாளர் வால்டர் ஷிண்ட்லர் 1953-ல் அதை உருவாக்கினார். ஆனால் அந்த ஆய்வுக்கூடம் தேடிக்கொண்டிருந்தது வலிப்பு மருந்தை அன்று. மனநோய்க்கு வந்த குளோர்ப்ரோமசின் பெரும் வெற்றி பெற்றிருந்த காலம். அதைப் போன்ற மூன்று வளையக் கட்டமைப்புள்ள சேர்மங்களை எல்லா நிறுவனங்களும் தேடின. மனச்சோர்வு மருந்தான இமிப்ரமினும் இதே கூடத்திலிருந்து இதே தேடலில் வந்ததுதான். அந்த உறவின் தடம் இன்றும் மருந்துத் தாளில் இருக்கிறது: இவ்வகை மனச்சோர்வு மருந்துகளுக்கு ஒவ்வாமை உள்ளவர்கள் கார்பமசெபின் சாப்பிடக் கூடாது, மோனோஅமைன் ஆக்சிடேஸ் தடுப்பான்கள் என்ற பழைய வகை மனநல மருந்தை நிறுத்திக் குறைந்தது 14 நாள் ஆகாமல் இதைத் தொடங்கவும் கூடாது.

சோதனைச் சாலை எண்ணோடு இருந்த அந்தப் பொருளை ஸ்வீடனைச் சேர்ந்த சிக்ஃப்ரிட் புளோம் முக வலி நோயாளிகளுக்குக் கொடுத்து, 1962-ல் லான்செட் இதழில் பலனை அறிவித்தார். பெரும்பாலும் மயக்க மருந்துக்கும் கத்திக்குமே கட்டுப்பட்டிருந்த வலி, இந்த மாத்திரைக்குக் கட்டுப்பட்டது. அடுத்த ஆண்டு சுவிட்சர்லாந்தில் விற்பனை, 1965-ல் பிரிட்டன். அமெரிக்காவில் மட்டும் தாமதம்: 1968-ல் முக வலிக்கு அனுமதி, வலிப்புக்கு 1974-ல்தான். இந்தத் தயக்கத்துக்குப் பின்னால் இரத்தம் பற்றிய அச்சம் இருந்தது.

எலும்பு மஜ்ஜை இரத்த அணுக்களை உற்பத்தி செய்வதையே நிறுத்திவிடும் கொடிய நோய் இந்த மருந்து சாப்பிட்ட சிலருக்கு வந்ததாக 1960-களிலேயே செய்திகள் வந்தன. அமெரிக்க மருந்துத் தாளில் கட்டமிட்ட எச்சரிக்கை ஏறியது. அடிக்கடி இரத்தம் எடுத்து அணுக்களை எண்ணும் வழக்கம் தொடங்கியது. காலப்போக்கில் கணக்கு தெளிந்தது: இந்த மருந்து சாப்பிடாதவர்களைவிட ஆபத்து 5 முதல் 8 மடங்கு என்பது உண்மை, ஆனால் சாதாரணமாகவே இந்நோய் ஆண்டுக்குப் பத்து லட்சம் பேரில் இரண்டு பேருக்கு வருவது. ஆகவே பல மடங்கானாலும் அது அரிதே. இன்னொரு சிக்கலும் தெரிந்தது. வெள்ளணுக்கள் சற்றே குறைவது பலருக்கு நேர்கிறது, பெரும்பாலும் தானே சரியாகிறது. எதிர்பாராமல் தாக்கும் கொடிய வகையை மாதாமாதம் எண்ணுவதால் முன்கூட்டிப் பிடிக்க முடிவதில்லை. அதனால் தொடங்கும்முன் ஒரு பரிசோதனை, பிறகு மருத்துவர் சொல்லும்போது, அதோடு அறிகுறி பற்றிய விழிப்பு என்று நடைமுறை மாறியது. காய்ச்சல், தொண்டைப் புண், வாய்ப்புண், அடிபடாமலே தோலில் கன்றிப்போவது, ஈறில் இரத்தம் இவற்றில் எதுவானாலும் அடுத்த முறைக்குக் காத்திருக்காமல் மருத்துவரிடம் போக வேண்டும். நோயாளி தெரிந்து வைத்திருக்கும் இந்த ஐந்தாறு அறிகுறிகள், ஆய்வகத்தின் எண்ணிக்கையைவிட நம்பகமான காவல்.

1970-களில் இரத்தத்தில் மருந்தின் அளவைத் துல்லியமாக அளக்கும் கருவிகள் பரவின. அப்போதுதான் கார்பமசெபினின் விசித்திரக் குணம் ஒன்று வெளிப்பட்டது. கல்லீரலில் தன்னைச் சிதைக்கும் என்சைம்களை அதுவே தூண்டிவிடுகிறது. முதல் மாத்திரை பாதியாகக் குறைய 25 முதல் 65 மணி நேரம் ஆகும். சில வாரம் தொடர்ந்து சாப்பிட்டபின் 12 முதல் 17 மணி நேரமே போதும். முதல் வாரத்தில் தலை கிறுகிறுத்து, கண்ணுக்கு ஒன்று இரண்டாகத் தெரிந்த அதே அளவு, ஒரு மாதம் கழித்துப் போதாமலும் போகலாம். குறைந்த அளவில் தொடங்கி வாரக் கணக்கில் ஏற்றுவதன் காரணம் இதுதான். முக வலிக்குப் பொதுவாக முதல் நாள் 100 மில்லிகிராம் இரண்டு வேளை என்று தொடங்கி, தேவைக்கேற்பக் கூட்டி, நாளுக்கு 1,200 மில்லிகிராமைத் தாண்டாமல் நிறுத்துவார்கள். வலிப்பில் இரத்த அளவு ஒரு மில்லிலிட்டருக்கு 4 முதல் 12 மைக்ரோகிராம் வரை இருப்பது பொருத்தம் என்று கொள்ளப்பட்டது. வலி தாங்காமல் தாமாகவே இரண்டு மாத்திரை கூடப் போட்டுக்கொள்பவர்கள் இந்த எல்லையை எளிதில் தாண்டிவிடுகிறார்கள். ஒரு வேளை மறந்தால் நினைவு வந்ததும் சாப்பிடலாம்; அடுத்த வேளை நெருங்கிவிட்டால் விட்டுவிட வேண்டும், இரண்டையும் சேர்த்து விழுங்கக் கூடாது.

தூண்டப்பட்ட என்சைம்கள் இந்த ஒரு மருந்தோடு நிற்பதில்லை. கருத்தடை மாத்திரை, இரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின், வேறு பல மருந்துகள் எல்லாம் வேகமாகச் சிதைந்து வலுவிழக்கின்றன. கருத்தடை மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட்டும் கருவுற்ற பெண்கள் மூலமே வலிப்பு மருந்துகளின் இந்த விளைவு மருத்துவர்களின் கவனத்துக்கு வந்தது. மறுதிசையிலும் நடக்கிறது. எரித்ரோமைசின், கிளாரித்ரோமைசின் போன்ற நுண்ணுயிர்க்கொல்லிகள் கார்பமசெபின் சிதைவதைத் தடுத்து, இரண்டே நாளில் நச்சளவுக்கு ஏற்றிவிடும். காசநோய்க்குத் தரும் ஐசோனியாசிடும் அப்படித்தான். காசநோய் சாதாரணமாக உள்ள நம் நாட்டில் இது நினைவில் இருக்க வேண்டிய செய்தி. எந்த மருத்துவரிடம் எதற்காகப் போனாலும், சளிக் காய்ச்சலுக்கே ஆனாலும், வலிப்பு மாத்திரை சாப்பிடுவதை முதலில் சொல்லிவிட வேண்டும் என்ற அறிவுரை இங்கிருந்து வந்தது. முதியவர்களுக்கு இன்னொன்றும் உண்டு: உடல் நீரைப் பிடித்துவைத்து இரத்தத்தில் சோடியம் குறைவது. இந்தக் குணத்தையே ஒரு காலத்தில், ஓயாமல் சிறுநீர் போகும் ஒருவகை நோய்க்கு மருந்தாகவும் பயன்படுத்தினார்கள். வயதானவர் மாத்திரை தொடங்கிய சில வாரங்களில் குழம்பிப் பேசினால் அதை முதுமையின் கணக்கில் எழுதிவிடக் கூடாது.

மாத்திரையின் உள்ளே மருந்தல்லாத பொருளும் இருக்கிறது என்பதை உலகுக்கு உணர்த்தியது ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகரம். 1968-ஐ ஒட்டி அங்கே ஆண்டுக்கணக்கில் பெனிட்டாயின் சாப்பிட்டுச் சீராக இருந்த நோயாளிகள் திடீரென்று தள்ளாடினார்கள், கண் இரட்டையாகத் தெரிந்தது, வாந்தி வந்தது. அளவு மாறவில்லை, மருந்தும் மாறவில்லை. மாறியது காப்ஸ்யூலை நிரப்பச் சேர்க்கும் பொடி. கால்சியம் சல்பேட்டுக்குப் பதிலாக லாக்டோஸ் சேர்த்திருந்தார்கள். பழைய பொடி மருந்தில் ஒரு பகுதியைக் குடலில் பிடித்துவைத்திருந்தது. புதிய பொடி அப்படிச் செய்யாததால் முழு மருந்தும் இரத்தத்தில் ஏறிவிட்டது. 1970-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளியான இந்த ஆய்வு மருந்துத் தயாரிப்பு வரலாற்றில் ஒரு திருப்பம். ஒரே அளவு மருந்துள்ள இரண்டு மாத்திரைகள் உடலில் ஒரே மாதிரி சேர்கின்றனவா என்று நிரூபிக்கக் கோரும் விதிகளுக்கு இது வலுச் சேர்த்தது.

கார்பமசெபினுக்கு வேறொரு தொல்லை: ஈரம். ஈரக்காற்றை உறிஞ்சினால் அதன் படிகங்கள் உருமாறி மாத்திரை இறுகிவிடும், வயிற்றில் கரையாது. ஈரமான இடத்தில் வைத்த மாத்திரை தன் வலுவில் மூன்றில் ஒரு பங்குவரை இழக்கலாம் என்று அமெரிக்க மருந்துத் துறை 1990-ல் எச்சரித்தது. குளியலறை அலமாரி அவர்களுக்குச் சொன்ன உதாரணம். சென்னையிலோ யாழ்ப்பாணத்திலோ ஐப்பசி கார்த்திகையில் வீடு முழுவதுமே குளியலறை மாதிரிதான். மாத்திரைகளை அட்டையிலிருந்து உதிர்த்து டப்பாவில் போட்டு வைப்பது, சமையலறையில் வைப்பது இரண்டும் தவறு. 2013-ல் பிரிட்டனின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு வலிப்பு மருந்துகளை மூன்று வகையாகப் பிரித்து, கார்பமசெபின், பெனிட்டாயின், பீனோபார்பிடால், பிரிமிடோன் நான்கையும் முதல் வகையில் வைத்தது: வலிப்பு நோயாளி ஒரே தயாரிப்பிலேயே தொடர வேண்டியவை. மருந்துக்கடையில் அதே மருந்துதான், வேற கம்பெனி என்று நீட்டும்போது பொதுவாக அந்தச் சொல் சரி. இந்த நான்கில் மட்டும் மருத்துவரைக் கேட்காமல் ஏற்கக் கூடாது. மெதுவாகக் கரையும் வகையை உடைத்துப் பொடித்தோ, மென்றோ சாப்பிட்டால் ஒரு நாள் முழுக்க வர வேண்டியது ஒரே நேரத்தில் வந்து சேரும்.

எல்லாவற்றிலும் பெரிய எச்சரிக்கை தோலைப் பற்றியது. அதற்கான விடை ஆசியாவிலிருந்து வந்தது. 1922-ல் ஸ்டீவன்ஸ், ஜான்சன் என்ற இரண்டு நியூயார்க் மருத்துவர்கள், காய்ச்சலோடு தோலும் வாயும் கண்ணும் புண்ணான இரண்டு சிறுவர்களைப் பற்றி எழுதினார்கள். பின்னாளில் அந்நோய்க்கு அவர்கள் பெயரே நிலைத்தது. தீவிர வடிவத்தில் தீக்காயம்போல் உடல் முழுவதும் தோல் உரியும்; அவர்களில் மூன்றில் ஒருவர்வரை இறந்துபோவார்கள். கார்பமசெபினால் இது ஐரோப்பியர்களில் 10,000 பேரில் ஒன்று முதல் ஆறு பேருக்கு வந்தது. சில ஆசிய நாடுகளில் பத்து மடங்கு அதிகம். ஏன் என்று தெரியவில்லை.

2004-ல் தைவான் ஆய்வாளர்கள் நேச்சர் இதழில் ஒரு பக்கக் கட்டுரை வெளியிட்டனர். கார்பமசெபினால் இந்நோய் வந்த 44 பேரைச் சோதித்தார்கள். எச்எல்ஏ-பி*1502 என்ற மரபணு வகை 44 பேரிடமும் இருந்தது. அதே மருந்தைத் தொல்லையின்றிச் சாப்பிட்ட 101 பேரில் மூன்று பேரிடம் மட்டுமே. மருத்துவத்தில் இத்தனை கூர்மையான தொடர்பு அபூர்வம். 2007 டிசம்பரில் அமெரிக்க மருந்துத் துறை, ஆசிய வம்சாவளியினருக்கு மருந்தைத் தொடங்கும்முன் இந்த மரபணுவைச் சோதிக்கச் சொன்னது. தைவானில் 23 மருத்துவமனைகளில் 4,877 பேரை முன்கூட்டியே சோதித்து, மரபணு உள்ள 7.7 சதவீதத்தினருக்கு வேறு மருந்து கொடுத்தார்கள். பழைய விகிதப்படி பத்துப் பேருக்காவது வந்திருக்க வேண்டிய நோய் ஒருவருக்கும் வரவில்லை. 2011-ல் வெளியான முடிவு இது.

ஹாங்காங்கின் அனுபவம் அத்தனை இனிமையானது அன்று. 2008-ல் அங்கே சோதனை கட்டாயமானது. கார்பமசெபினால் வரும் தோல்நோய் மறைந்தேவிட்டது. ஆனால் சோதனைக்குக் காத்திருக்க விரும்பாத மருத்துவர்கள் பெனிட்டாயின் முதலான வேறு மருந்துகளை எழுதினார்கள். அவற்றாலும் இதே நோய் வரும். மொத்தக் கணக்கில் நோய் குறையவில்லை. நல்ல விதி கூட, அதைச் சுற்றி நடக்கும் மனிதர்களின் அவசரத்தில் பலனிழக்கும் என்பதற்கு மருந்துத் துறையில் இதைவிடத் தெளிவான சான்று கிடைப்பது கடினம். சிங்கப்பூர் 2013 முதல் ஆசிய வம்சாவளி நோயாளிகளுக்கு, அங்குள்ள தமிழர்களும் அதில் அடக்கம், புதிதாகத் தொடங்கும்முன் இச்சோதனையைச் செய்வதை நெறியாக்கியது. ஹாங்காங், தாய்லாந்து, மலேசியா மக்களில் 15 சதவீதத்துக்குமேல் இருக்கும் இந்த மரபணு, இந்தியர்களிடம் ஏறத்தாழ 2 முதல் 4 சதவீதம். சில சமூகங்களில் கூடுதல். நம் ஊர்களில் சோதனை இன்னும் பரவலான வழக்கம் ஆகவில்லை. அதனால் கண்தான் சோதனை. இந்நோய் வருபவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு முதல் சில மாதங்களிலேயே வந்துவிடுகிறது. அந்தக் காலத்தில் காய்ச்சலோடு தடிப்பு, வாய்க்குள் புண், கண் சிவப்பு, தோல் கொப்புளம் கண்டால் சொறி என்று களிம்பு தடவிக்கொண்டிருக்காமல் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

கர்ப்பம் பற்றிய எச்சரிக்கை 1991-க்குப் பின் உறுதியானது. கார்பமசெபின் சாப்பிட்ட தாய்மார்களின் குழந்தைகளில் முதுகுத்தண்டு மூடாத குறை நூற்றில் ஒன்றை நெருங்கியதாக அவ்வாண்டு அமெரிக்க ஆய்வு காட்டியது. பிறகு பல நாடுகளில் கர்ப்பிணிகளின் பதிவேடுகள் உருவாயின. திருவனந்தபுரத்தின் ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ நிறுவனத்தில் 1998-ல் தொடங்கிய கேரளப் பதிவேடு அவற்றில் முக்கியமானது. பயந்து மருந்தை நிறுத்திய பெண்ணுக்கு வலிப்பு வந்தால் தாய்க்கும் சிசுவுக்கும் வரும் கேடு மருந்தின் கேட்டைவிடப் பெரிது என்பதில் மருத்துவ உலகுக்கு இன்று ஐயமில்லை. குழந்தை வேண்டும் என்று முடிவு செய்யும்போதே மருத்துவரைக் கேட்டு, ஃபோலிக் அமிலமும் மருந்தளவும் திட்டமிடுவதே வழி. 2008-ல் இன்னொரு வரி சேர்ந்தது: 11 வலிப்பு மருந்துகளின் 199 ஆய்வுகளை அமெரிக்கத் துறை ஒன்றுசேர்த்துப் பார்த்தபோது, தற்கொலை எண்ணம் மருந்து சாப்பிட்டவர்களிடம் ஏறத்தாழ இருமடங்கு இருந்தது. ஆயிரத்தில் நான்கு பேர் அளவுதான். என்றாலும் மனம் வழக்கத்துக்கு மாறாகச் சோர்ந்தால் வீட்டார் கவனிக்க வேண்டும்.

மருந்தை நிறுத்துவதைப் பற்றிய விதி, தொடங்குவதைப் பற்றியதைவிடப் பழையது. புரோமைடு, பீனோபார்பிடால் காலத்திலேயே, திடீரென்று நிறுத்தியவர்களுக்கு வலிப்பு விட்டுவிடாமல் தொடர்ந்து வந்ததைக் கண்டிருந்தார்கள். எவ்வளவு காலம் சாப்பிடுவது என்ற கேள்விக்கு 1991-ல் பிரிட்டன் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 1,013 பேரை வைத்து விடை தேடியது. இரண்டு ஆண்டாக வலிப்பே வராதவர்கள் அவர்கள். மருந்தைத் தொடர்ந்தவர்களில் 78 சதவீதம் பேருக்கு அடுத்த இரண்டு ஆண்டும் வரவில்லை. மெதுவாகக் குறைத்து நிறுத்தியவர்களில் 59 சதவீதம் பேருக்கு வரவில்லை. அதாவது நிறுத்தியவர்களில் பாதிக்குமேல் நலமாகவே இருந்தார்கள். மருத்துவரோடு பேசி, மாதக்கணக்கில் குறைத்தால் நிறுத்துவது சாத்தியம். மாத்திரை தீர்ந்துபோனதால் நிறுத்துவதும், வேறு வைத்தியத்தை நம்பி ஒரே நாளில் விடுவதும் உயிருக்கு ஆபத்து.

நரம்பு வலிக்கு இன்று வேறு மருந்துகளும் உண்டு. அமெரிக்காவில் 1993-ல் வலிப்புக்கு வந்த கபாபென்டின் 2002-ல் அக்கிக்குப் பின் நீடிக்கும் வலிக்கும் அனுமதி பெற்றது. அதன் உறவான பிரிகபாலின் 2004-ல் வந்தது. சர்க்கரை நோயாளியின் பாத எரிச்சலுக்கு இவை பொருந்தும். கார்பமசெபின் அங்கே முதல் தேர்வு அன்று. சிறுநீரகம் பழுதானவர்களுக்கு இவற்றின் அளவைக் குறைக்க வேண்டும். மதுவோடும் தூக்க மாத்திரையோடும் சேர்த்தால் மூச்சு மந்தமாகும். முக நரம்பு வலிக்கு மட்டும் புளோம் 1962-ல் காட்டிய மாத்திரையே இன்றும் முதல் மருந்து.